உயிரோடு இருப்பவருக்குப் படையல்

போயெனீத்சா, 8 மார்ச் 1998

அன்பு மகள் ஸ்மரந்தாவுக்கு,

அப்பா இலாரியே எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் செய்தி சொல்லிவிடுகிறது. பசு சுகம். நீயும் ஆய்வுக்கூடத்தில் உன் தண்ணீர்ப் புட்டிகளும் சுகமா?

பெரியவர் துதோசே போன மாதம் இறந்துபோனார். மகன் இத்தாலியிலிருந்து வரவில்லை. போனிலேயே ஆள் பிடித்து அடக்கத்தை முடித்துவிட்டான். வீட்டில் கிண்ட வேண்டிய கோதுமைப் படையல் கடையிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது. மூடியைத் திறக்கப் பாதிரியார் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். சுரங்கத்தில் அவரோடு வேலை செய்த நாங்கள் எல்லாம் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவரவர் டப்பாவை அவரவர் நினைத்துக்கொண்டோம்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். செப்டம்பரில், உயிரோடு இருக்கும்போதே எனக்கு நானே படையல் போட்டுக்கொள்ளப் போகிறேன். புது உடுப்பு, கட்டில், போர்வை, மேசை, தட்டு எல்லாம் என் பேரில் கொடுத்துவிட்டால் அந்தப் பக்கம் போகும்போது எனக்காகக் காத்திருக்கும். வாங்கிக்கொள்ளப் பக்கத்து வீட்டு நிஸ்தோர் சம்மதித்துவிட்டான். அவன் எதற்கும் சம்மதிப்பான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மெழுகுவர்த்தி என்பது மின்சாரம் போனால் ஏற்றுவது. உன்னைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அப்பா


திமிஷோவாரா, 29 மார்ச் 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். பசுவுக்குத் தேய்த்துவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ‘பொதுவாக’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நம் ஊரில் யார் தனக்குத் தானே படையல் போட்டுக்கொள்வார்கள் அப்பா? பிள்ளை இல்லாதவர்கள், அல்லது பிள்ளை இருந்தும் நம்பாதவர்கள். நீங்கள் முதல் வகை இல்லை.

அம்மா போனபோது கோதுமையை நான்தான் கழுவினேன். நான்தான் கிண்டினேன். முதல் வருடம் ஒரு படையலையும் விடவில்லை. ஒவ்வொரு முறையும் பரீட்சைக்கு நடுவே ரயிலில் வந்தேன். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அஞ்சலகத்துக்குப் போன் செய்து பேசலாம் என்று பார்த்தேன். அங்கே பேசினால் ஊரே கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

இங்கே வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
ஸ்மரந்தா


திமிஷோவாரா, 12 ஏப்ரல் 1998

அன்புள்ள சஃப்தா சித்திக்கு,

நீங்களும் சித்தப்பாவும் நலமா? உங்கள் கோழிகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இது உங்களுக்கு மட்டும். ஆஸ்திரியாவில் கிராஸ் நகரப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நிலத்தடி நீர் ஆராய்ச்சி, மூன்று வருடம். பதில் ஜூனில் தெரியும். கிடைத்தால் செப்டம்பர் நடுவில் கிளம்ப வேண்டும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மார்ச் மாதம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் படையல் கடிதம் வந்தது.

அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது என்று முதலில் பயந்தேன். தெரிந்திருக்க வழியில்லை. தெரியாமலே இப்படி என்றால், தெரிந்தால் என்ன சொல்வார்? துதோசேயின் மகனோடு என்னையும் சேர்த்துவிடுவார். நான் போனால் அவர் சொன்னது சரி என்றாகிவிடும். போகாவிட்டால் வாழ்நாள் முழுக்க இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரின் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆய்வுக்கூடத்தில் இதை யாரிடமும் பேச முடியவில்லை. மற்றவர்களின் அப்பாக்கள் எஞ்சினியர்கள், டாக்டர்கள். உயிரோடு படையல் என்றால் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது.

அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

உங்கள்,
ஸ்மரந்தா


போயெனீத்சா, 10 மே 1998

செல்லம் ஸ்மரந்தா,

நாங்கள் எல்லாரும் சுகம். கோழிகளை மட்டும் கேட்காதே. நரி வந்துபோனது.

நீ சொன்னதை யாரிடமும் சொல்ல மாட்டேன். கிராஸ் எங்கே இருக்கிறது என்று மட்டும் உன் சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் ஏன் என்று கேட்டார். சும்மா என்றேன்.

உன் அப்பா துணி வாங்க நகரத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். கடைக்காரப் பையன், “யாருக்கு மாமா, கல்யாணத்துக்கா?” என்றான். உன் அப்பா, “எனக்குத்தான்டா. செத்த பிறகு போட்டுக்க,” என்றார். அவன் முகம் வெளுத்துவிட்டது. “நல்ல துணியா எடு. அங்க ரொம்ப நாள் இருக்கணும்,” என்றார். பாவம், அந்தப் பையன் துணியை அளக்காமலே வெட்டப் போனான்.

திரும்பும்போது பஸ்ஸில் காதில் பாட்டுக் கேட்கும் கம்பி மாட்டிய ஒரு பெண் எங்களுக்கு இடம் கொடுக்கவில்லை. உன் அப்பா பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி, “பாரு சஃப்தா, காது இருக்கு, கண்ணு இருக்கு, எல்லாம் அடைச்சு வச்சிருக்கு,” என்றார். அந்தப் பெண் கம்பியைக் கழற்றி, “எனக்குக் கால் ஆபரேஷன் ஆகியிருக்கு தாத்தா,” என்றாள். அவர் ஊர் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கியதும், “முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே,” என்றார்.

அவர் அப்படித்தான். உன்னைப் பற்றி ஊரில் பேசும்போது மட்டும் வேறு மாதிரி. உன்னிடம் அதைச் சொல்ல மாட்டார்.

சாப்பிடு. போன முறை எலும்பாக இருந்தாய்.
சித்தி சஃப்தா


போயெனீத்சா, 7 ஜூன் 1998

அன்பு மகள் ஸ்மரந்தாவுக்கு,

நான் சுகம். நீ சுகமா? தைலம் நன்றாக எரிகிறது. எரிந்தால் நல்லது என்கிறார்கள்.

படையலை ஜூலை 25, சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். செப்டம்பரில் பிளம் பழம் உதிரும். சாராயம் காய்ச்சுகிற நேரத்தில் ஒருவனும் மேசையில் உட்கார மாட்டான். பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மாவுக்கு நீ செய்ததை நான் மறக்கவில்லை.

நீ வந்தால் வா. வராவிட்டாலும் ஒன்றுமில்லை.

அப்பா


திமிஷோவாரா, 5 ஜூலை 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்குக் கடவுள் துணை.

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம் என்று எழுதத் தொடங்கினேன். அது பொய். எழுத வரவில்லை.

நான் வரவில்லை அப்பா. விடுப்பு கேட்டால் கிடைக்கும். ஆனால் அந்த மேசையில் நான் எந்த இடத்தில் உட்காருவது? கோஸ் இலைச் சுருளை நான் பரிமாறினால், தன் கடமையைத் தன் அப்பாவே செய்துகொள்ளும்போது சாப்பாடு பரிமாறிய மகள் என்பார்கள். பரிமாறாவிட்டால் அதற்கும் ஒன்று சொல்வார்கள். வேலியோரம் என்ன பேசுவார்கள் என்பதை வைத்துத்தான் உங்கள் வயதுக்காரர்கள் எல்லாவற்றையும் முடிவு செய்கிறீர்கள். சாவைக்கூட.

இப்படி எழுதியதற்கு மன்னிக்கவும். நேரில் இருந்தால் ஒரு வார்த்தையும் வந்திருக்காது. உங்களுக்குத் தெரியும்.

வராவிட்டாலும் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

ஸ்மரந்தா


போயெனீத்சா, 2 ஆகஸ்ட் 1998

ஸ்மரந்தா கண்ணு,

நாங்கள் சுகம். உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். படையலைப் பற்றி எழுதாமல் திட்ட முடியாது. அதனால் முதலில் அது.

முற்றம் நிறையக் கூட்டம். மேசை மேல் புதுத் தட்டு, வளைய ரொட்டி, மெழுகுவர்த்தி. பாதிரியார் செத்தவர்களுக்கு வாசிக்கும் அதே குரலில் “இலாரியே” என்றார். உன் அப்பா சட்டென்று எழுந்து நின்று, “இருக்கேன்,” என்றார். சுரங்கத்தில் பேர் கூப்பிட்டதும் பதில் சொல்லிப் பழகின வாய். பாதிரியாரே புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பிறகு நிஸ்தோர் உடுப்பை அங்கேயே போட்டுக்கொண்டு, “கடவுள் ஏற்கட்டும்,” என்றான். நீளமான கால்சட்டை முற்றத்தைப் பெருக்கிக்கொண்டு போனது.

“என்ன அண்ணே, உங்க அளவுக்குத் தச்சிருக்கீங்க?”

“பின்னே? அங்க போட்டுக்கப் போறது நீயா நானாடா? மடிச்சு விட்டுக்கோ.”

எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொம்னிகா ஆரம்பித்தாள். அவள் வாய் உனக்குத் தெரியும்.

“மகளைக் காணோமே இலாரியே? படிச்ச பொண்ணு. இதுக்கெல்லாம் நேரம் ஏது, பாவம்.”

உன் அப்பா ரொட்டியைப் பிய்த்தபடியே சொன்னார்: “அவ வரேன்னுதான் ஒத்தக் கால்ல நின்னா. நான்தான் வேணாம்னுட்டேன். உசுரோட உக்காந்து சாராயம் குடிக்கிற அப்பனைப் பாத்து எந்தப் பொண்ணு அழுவா? சாப்பிடு தொம்னிகா, ஆறிடும்.”

தன் படையல் மேசையில் உட்கார்ந்துகொண்டு உனக்காகப் பொய் சொன்னார். எல்லாரும் போன பிறகு கட்டிலை நிஸ்தோர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் கூடவே போய், எந்தச் சுவரோரம் போடவேண்டும் என்று காட்டிவிட்டு வந்தார்.

திட்ட நினைத்தது மறந்துவிட்டது. அப்பாவுக்கு எழுது.

சித்தி


திமிஷோவாரா, 16 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் எதில் படுத்துக்கொள்கிறீர்கள்? தரையில் வேண்டாம், முழங்கால் தாங்காது.

ஜூலை 25 அன்று நான் சும்மா இருக்கவில்லை. ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்துத் தேவாலயத்துக்குப் போனேன். உங்கள் பேரில் மெழுகுவர்த்தி வாங்கி, ஏற்றி, மணல் தட்டில் நட்டேன். அங்கே இருப்பவர்களுக்கு ஒரு தட்டு, இறந்தவர்களுக்கு ஒரு தட்டு. படையல் நாள்தானே என்று கை தானாகவே இறந்தவர்கள் தட்டுக்குப் போய்விட்டது. அருகில் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்த பெரியம்மா, “யாரும்மா போனது?” என்றார். அப்பாவுக்கு என்றேன். “கடவுள் மன்னிக்கட்டும். எப்போ?” என்றார். இல்லை, உயிரோடு இருக்கிறார் என்றேன்.

அவர் மெழுகுவர்த்தியைப் பிடுங்கி எடுத்தார். “உசுரோட இருக்கிற அப்பனை இந்தப் பக்கம் வைப்பியா? இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு இருக்கிறவங்க யாரு, செத்தவங்க யாருன்னே தெரியல. போன்ல கேட்டுத் தெரிஞ்சுக்குவீங்க போல.”

வழக்கமாக நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிடுவேன். அன்று மட்டும் வாய் திறந்தது. “எங்க அப்பாவுக்கே தெரியலம்மா. அவரு இப்போ ஊர்ல உக்காந்து தன்னோட படையலைத் தானே சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு,” என்றேன். அவர் என்னையே பார்த்தார். “ஓ, கோர்ஜ் பக்கத்துக்காரங்களா? அங்கதான் இப்படிச் செய்வாங்க,” என்றார். பிறகு மெழுகுவர்த்தியைத் தன் கையாலேயே மற்றத் தட்டில் நட்டு, அணையாமல் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டார். “பொண்ணுங்க இல்லையா அவருக்கு?” என்று கேட்டார். ஒருத்தி என்றேன்.

தவறான தட்டில் வைத்துவிட்டேனே என்று பயந்துபோய் மூன்று வாரமாக உங்களுக்கு எழுதவில்லை. நீங்கள் இருமினால்கூடச் சித்தி எழுதுவார் என்று காத்திருந்தேன். நீர்வேதியியல் படித்தவள் இப்படிப் பயப்படலாமா என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று. கிராஸில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆராய்ச்சி, மூன்று வருடம். செப்டம்பர் 15 ரயில். மார்ச் முதல் சொல்லாமல் வைத்திருந்தேன். போகட்டுமா என்று கேட்கவில்லை. போகிறேன் என்று சொல்கிறேன். இந்த வரியை மூன்று முறை அடித்துத் திருத்தினேன். எழுத்தில் தெரியும்.

ஸ்மரந்தா


போயெனீத்சா, 30 ஆகஸ்ட் 1998

அன்பு மகள் ஸ்மரந்தாவுக்கு,

நான் சுகம். இருமல் இல்லை. உன் அம்மாவின் பழைய கட்டிலில் படுத்துக்கொள்கிறேன்.

தட்டு மாறியது பரவாயில்லை. அன்றைக்கு எந்தப் பக்கம் இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நிஸ்தோர் தினமும் மாலையில் என் உடுப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறான். பின்னாலிருந்து பார்த்தால் நானே குள்ளமாகி நடந்து போவது போல இருக்கிறது. “செத்தப்புறம் போட வேண்டியதை ஏன்டா இப்பவே தேய்க்கிற?” என்றேன். “நான் தேய்ச்சாத்தானே அண்ணே அங்க உங்களுக்குப் பழகின துணியா இருக்கும்,” என்கிறான்.

கிராஸ் விஷயம் மே மாதமே தெரியும். உன் சித்தியிடமிருந்து சித்தப்பா எல்லாவற்றையும் கறந்துவிட்டார். அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் எனக்கும் நிஸ்தோருக்கும் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

எழுத எனக்குக் கஷ்டம். ஆனாலும் எழுதுகிறேன். மார்ச்சில் இதை ஆரம்பித்தபோது உன்னையும் சேர்த்துத்தான் நம்பவில்லை. ‘பொதுவாக’ என்றது பூச்சு. மே மாதம் நீ தூரமாகப் போகிறாய் என்று தெரிந்ததும் நிறுத்திவிடத்தான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். நீ அங்கே இருக்கும்போது எனக்கு ஏதாவது ஆனால், நீ வந்து சேர முடியாமல் போனால், துதோசேயின் மகனைப் பேசின வாய்கள் உன்னையும் பேசும். என் வாயும் அவற்றில் ஒன்றாக இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டால் யாரும் பேச முடியாது. செய்ய எதுவும் பாக்கி இருக்காதே.

தேதியை மாற்றினது பிளம் பழத்துக்காக இல்லை. நீ போவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும் என்றுதான்.

எனவே நீ போ. பின்னால் செய்தி வந்தால் ரயில் ஏறாதே. உன்மேல் ஒரு பாரமும் இல்லை. நான் இறக்கி வைத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆஸ்திரியாவில் சோளக்களி கிடைக்காது என்கிறார்கள். மாவு அனுப்புகிறேன்.

அப்பா


கிராஸ், 8 நவம்பர் 1998

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். மாவு வந்து சேர்ந்தது. சோளக்களி இங்கேயும் உண்டு, வேறு பேரில். உங்கள் மாவில்தான் கிண்டுகிறேன்.

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதத் திமிஷோவாராவில் இரண்டு முறை உட்கார்ந்தேன். நன்றி என்று மட்டும் எழுதலாம். அது முழு உண்மை ஆகாது.

இங்கே விடுதியின் அடித்தளத்தில் வண்ணம் பூசும் ஆட்களில் இரண்டு பேர் நம் நாட்டுக்காரர்கள். ஒருவர் முன்பு இத்தாலியில் இருந்தவர். அனுமதித் தாள் இல்லாமல் வேலை செய்பவன் எல்லை தாண்டிவிட்டால் திரும்பி உள்ளே போக முடியாது, அப்பா செத்தாலும் முடியாது என்றார். துதோசேயின் மகனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் யாரும் கேட்கவில்லை. நானும்தான். அவனைப் போல ஆகிவிடக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இளையவர்கள் செய்ய மாட்டார்கள் என்று முடிவு செய்தீர்கள். பிறகு, செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டீர்கள். இரண்டாவது அன்பினால் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு முறையும் என்னைக் கேட்கவில்லை.

ஊருக்கு வர வேண்டியது வந்துவிட்டது. சாப்பிட்டாயிற்று, நிஸ்தோர் மாமா போட்டும் திரிகிறார். எனக்கு வர வேண்டிய பாரத்தை இறக்கி வைக்க உங்களுக்கு உரிமை இல்லை. என்னிடம் தாள் இருக்கிறது, நான் எல்லை தாண்டலாம். செய்தி வந்தால் ரயில் ஏறுவேன். கோதுமையை நானே கழுவுவேன். இரண்டாம் முறை செய்தால் ஊர் சிரிக்கும் என்றால் சிரித்துக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஆசை. ஈஸ்டருக்கு வருகிறேன். சொல்ல வாய் வருமா என்று பார்க்கலாம்.

குளிருக்கு முழங்காலை மூடிக்கொள்ளுங்கள்.
உங்கள் மகள்,
ஸ்மரந்தா


போயெனீத்சா, 6 டிசம்பர் 1998

அன்பு மகள் ஸ்மரந்தாவுக்கு,

நான் சுகம். பனி முழங்கால் உயரத்துக்கு. பசு சினையாக இருக்கிறது.

நீ எழுதியதில் இத்தாலி பற்றிய பகுதியை மட்டும் வேலியோரம் படித்துக் காட்டினேன். தொம்னிகா, “இதை அந்தப் பையனே அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?” என்றாள். “நாம கேட்டோமா?” என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். மறுநாள் அவன் விலாசம் யாரிடம் இருக்கிறது என்று என்னிடம் வந்து கேட்டாள்.

மற்றப் பகுதியை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

நீ சொல்வது சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தூரம் அதிகம், குளிர், செலவு. ஆனால் நான் இருக்கும்வரைதான் என் பேச்சு. அதற்குப் பிறகு உன் இஷ்டம். கோதுமையைச் சரியாகக் கழுவவில்லை, உப்பு அதிகம், மெழுகுவர்த்தி கோணல் என்று குறை சொல்ல அன்றைக்கு நான் இருக்க மாட்டேன். அதனால் நீ எப்படிச் செய்தாலும் சரியாகத்தான் இருக்கும்.

அப்பா